மச்சினன் கொடுத்த போத்தல்

இரண்டாவது கிளாஸ் மருந்துத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஐயாவு ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்தவன் செய்த தப்புக்குத் தண்டனை அனுபவிக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கலாம். அடுத்தவன் குடலுக்காகத் தன் குடலைக் கழுவிக்கொள்கிறவர் பேராக் மாநிலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"இன்னும் ஆறு கிளாஸ் இருக்கு," என்றாள் மனைவி கலாதேவி. "கா மணி நேரத்துக்கு ஒன்னுன்னு மிஸ்ஸி சொன்னாங்க. மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிங்க."

"உப்புக் கரிக்குது."

"எலுமிச்சம்பழ ருசின்னு போட்டிருக்குங்க."

"போட்டவன் குடிச்சிருக்க மாட்டான்."

அதற்குமேல் பேச வயிறு விடவில்லை. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். செமோரில் அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"மாயாண்டி, வெளிய வாடா."

"இப்பத்தான் மச்சான் உக்காந்தேன்."

எல்லாவற்றுக்கும் மூல காரணமானவன் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருக்க, ஐயாவு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாயாண்டி கலாதேவியின் தம்பி. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, லோரி ஓட்டுகிறவன். சோறும் துணி துவைப்பும் அக்கா வீட்டில்தான். ஐயாவு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா. ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டதால் வேலையை நீட்டிக்க டாக்டர் கடிதம் வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். கடைசியில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு சின்ன போத்தலைக் கையில் கொடுத்து, மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் கொண்டுவாருங்கள் என்றார்.

ஐயாவுக்கு மலச்சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே கூட வருவது. வியாழன் கழிந்தது, வெள்ளி கழிந்தது, சனியும் கழிந்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் கழியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மச்சினனிடம் போனார்.

"ஒனக்குத்தான் காலைல டாண்ணு வந்துருமே. இதுல கொஞ்சம் குடேன்."

"அரிசி, சீனி கேப்பாங்க மச்சான். இதையுமா கேப்பாங்க?"

"வேல போயிரும்டா. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் காலை போத்தல் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு அவர் கைக்கு வந்தது. பத்து நாள் கழித்துக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ரத்தம் இருக்கிறதாம். உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

ஐயாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. நமக்கு ஒன்றுமில்லை என்று ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சில் அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டார். ரத்தம் அவருடையது இல்லை என்றால் மாயாண்டியுடையது. சொன்னால் புரட்டு வெளியே வந்து வேலை போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊசியைப் பார்த்தாலே காய்ச்சல் வருகிற மாயாண்டியிடம், உனக்குப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது?

மாயாண்டியே வந்து கேட்டான். "மச்சான், நான் குடுத்ததையா கொண்டுபோனீங்க?"

"இல்லடா," என்றார் ஐயாவு. "அன்னைக்கே எனக்கும் வந்துருச்சு. ஒன்னோடத லோங்காங்கு சாக்கடையில வீசிட்டேன்."

"அப்பச் சரி," என்று மாயாண்டி சாப்பிடப் போனான்.

ஐயாவு மறுபடியும் கிளினிக்குக்கு ஓடினார். சோதனையிலிருந்து தப்பிக்க ஒரு பொய்யை வழியெல்லாம் மென்றுகொண்டே போனார்.

"மூலம் மிஸ்ஸி. அதுலேர்ந்து வந்த ரத்தமா இருக்கும்."

"ரத்தத்தக் கண்ணால பாத்தீங்களா?"

"நெறய பாத்தேன்."

மிஸ்ஸி டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். நான்கு மாதம் கழித்துக் கொடுத்திருந்த தேதியை அடித்துவிட்டு, மூன்று வாரத்தில் வேறு தேதி எழுதிக் கொடுத்தார்.

சரி, தமக்கு நடப்பது நடக்கட்டும், மாயாண்டியையாவது சோதனைக்குத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். "நீயும் அம்பது தாண்டிட்ட. கிளினிக்ல ஒரு போத்தல் வாங்கேன்," என்றார். "ஒங்களுக்கு நடக்கறதப் பாத்தப்புறமுமா?" என்று கேட்டான் அவன். பிறகு கலாதேவியிடம் போனார்.

"இதெல்லாம் குடும்பத்துல ஓடுற வியாதியாம். ஒன் தம்பியையும் பாக்கச் சொல்லு."

"ஒங்க வியாதி எப்படிங்க என் தம்பிக்கு ஓடும்?"



கையில் மிஞ்சியது அன்பு ஒன்றுதான். தினமும் மாயாண்டிக்குப் பப்பாளி வாங்கி வந்தார். கறித்துண்டை அவன் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கீரையை வைத்தார். அவன் வாங்கி வைத்த பீரை ஒளித்தார். தன் மீன்பிடி தூண்டிலைக்கூட அவனுக்கே கொடுத்தார். மாயாண்டி பளபளவென்று ஆனான். ஆனால் மனசு உடைந்துபோனான். இருபத்தைந்து வருஷமாகத் தன்னை மதிக்காத மச்சான் இப்படி உருகுகிறார் என்றால் அவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று கணக்குப் போட்டு, தாமான் முழுக்கச் சொல்லி அழுதான்.

அது சுற்றிக்கொண்டு கலாதேவி காதுக்கு வந்தது. அவள் அழவில்லை. மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தாள். மூன்று வாரத்தில் ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. படி ஏறினால் மூச்சிரைத்தது. எல்லாம் என்னால்தான் என்று ஐயாவு உள்ளுக்குள் குமைந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவள் சாப்பிடுவாள். அந்த வார்த்தையைச் சொன்னால் தம்பியை நினைத்து மறுபடியும் பட்டினி கிடப்பாள்.

கழிப்பறைக் கதவு ஒருவழியாகத் திறந்தது. ஐயாவு உள்ளே போனவர், அன்று மாலை முழுக்க அங்கேயேதான் குடியிருந்தார். எந்தக் காலத்திலும் அசைந்து கொடுக்காத அவருடைய வயிறு, ஐம்பத்தெட்டு வருஷக் கணக்கை ஒரே நாளில் முடித்துக்கொண்டது.

கூடத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாயாண்டி சொன்னது அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி பிஸ்கட் டின்னோடு வந்து, பால் சேர்க்காத தே ஓ தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாத மனிதரின் எதிரில் அதைத் திறந்து வைத்தாள்.

"நல்ல மனுசன். யாருக்கும் ஒரு கெடுதலும் நெனைக்கல."

"இன்னும் இருக்கேன் ராக்காயி."

"இருங்கண்ணே, இருங்க. யாரு வேணாம்னா?"

ஐயாவு எழுந்து ஓடினார். அவர் ஓடிய ஒவ்வொரு தடவையும் கூடம் அமைதியாகி, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். மயக்கம் தெளிந்த பிறகு கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று மாயாண்டி லோரிக்கு லீவு போட்டிருந்தான். முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு ஐயாவு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார். கையில் ஊசி ஏறியது. மயக்கத்தில் உண்மையை உளறிவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்தது மட்டும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது டாக்டரம்மா சிரித்தார். "அங்கிள், ஒன்னுமே இல்ல. சுத்தமா இருக்கு. மூலம்கூட இல்ல. பத்து வருசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

கலாதேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கும் ஒங்களுக்கு. நான் போயி சாப்பாடு தப்பாவ் கட்டிக்கிட்டு வாரேன்," என்று கேன்டீனுக்குப் போனாள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் ஐயாவும் மாயாண்டியும் உட்கார்ந்தார்கள். இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று ஐயாவுக்குத் தோன்றியது.  அவனை அவர் இவ்வளவு நாள் வெறும் சோற்றுக் கேஸாகத்தான் பார்த்திருந்தார். இந்த மூன்று வாரத்தில் அவன் செத்துப் போவான் என்று நினைத்து நினைத்து, அவன்மேல் உண்மையாகவே பாசம் வந்துவிட்டிருந்தது.

"மாயாண்டி, ஒன்னு சொல்லணும். கோவப்படாத."

"சொல்லுங்க மச்சான். ஒங்களுக்கு ஒன்னும் இல்லன்னு ஆயிருச்சு, இன்னைக்கு என்ன வேணா சொல்லுங்க லா."

"அந்தப் போத்தல நான் வீசல. நீ குடுத்ததத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ரத்தம் வந்தது அதுலதான். எனக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்துட்டேன். அடிக்கணும்னா அடி. ஆனா இப்பவே உள்ள போயி சொல்லிப் பாத்துருவோம். நான் கூட இருக்கேன்."

மாயாண்டி அடிக்கவில்லை. அழவும் இல்லை. அவரைப் பார்க்காமல் கேன்டீன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கலாதேவி மூன்று பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். இவர்கள் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மச்சான், அன்னைக்குக் காலைல எனக்கும் வரல," என்றான் மாயாண்டி. "கிளினிக்ல எனக்குக் கேக்குறாங்கன்னு பொய் சொல்லி, அக்காகிட்டதான் வாங்கிக் குடுத்தேன்."