ஏழு ஆட்டின், எட்டு ஆட்டின்

திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனால் பொருத்தம் பார்க்க முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்ல. சீட்டுக்கும் சீட்டுக்கும்!

மேடையில் போக்கர் கற்றுத்தரும் இஸ்பேட் சித்தர். கழுத்தில் ருத்ராட்சம், காதில் புளூடூத். காலை பத்து மணிக்கே செருப்புக் குவியல் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் பூவரசன். விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை. ஜாதகம் பார்க்காமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவன். எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களைப் பார்த்து இருபது வருஷமாகச் சிரித்தவன். அப்பேர்ப்பட்டவனுக்கு இங்கே என்ன வேலை? அவனும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டான். 'இது சாமியா? இல்லையே, கணக்கு! விஞ்ஞானம்!' என்று பதிலும் சொல்லிக்கொண்டான். படித்தவன் சும்மா ஏமாற மாட்டான். காரணத்தோடுதான் ஏமாறுவான்.

போக்கர் அவன் போனில் கற்ற ஆட்டம். கைக்கு ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு. இந்த ஏழில் அஞ்சு, ஆட்டின் என்கிற இதயச் சீட்டு மாதிரி ஒரே ஜாதியாகவோ, வரிசை எண்ணாகவோ அமைந்தால் அநேகமாகக் கெலிப்புதான்.

சித்தரின் உபதேசம் இன்னும் சுருக்கம். "ராஜா ராணிக்கு மயங்காதே! ஏழு ஆட்டின், எட்டு ஆட்டின். ஒரே ஜாதி, பக்கத்து வீட்டு நம்பர். ரத்த சொந்தம்! கைக்கு வந்தா விடாதே. பத்துக்கு எட்டு வாட்டி கூட்டாளிங்களை இழுத்துக்கினு வரும்!"

ரம்மியில் ஊறின ஊர். ஒரே ஜாதியில் ஏழும் எட்டும் சேர்ந்தாலே பாதி ஆட்டம் முடிந்தது என்று நினைக்கிற ஊர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. 'சீட்டிலுமா ஜாதிக்குள்ளேயே சம்பந்தம்?' என்று பூவரசனுக்கு ஒரு கணம் உறைத்தது. பிறகு அவனும் தட்டினான்.

பணம் கட்டித் தீட்சை வாங்கினால் கோவா போக்கர் போட்டிக்குக் கூட்டிப்போவாராம். அதற்காகப் பூவரசன் ஜெராக்ஸ் மிஷினையே விலை பேசிவிட்டான். சாயங்காலம் வானூர்க்காரர் வண்டியோடு வருகிறார். இத்தனை வருஷம் வீட்டுக்குச் சோறு போட்ட மிஷின்.

பக்கத்தில் அவன் மனைவி அம்சா. விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மல்லாட்டை மூட்டைக்குள் கையை விட்டு நூறு கடலைக் கொட்டை எடுப்பாள், முளைக்க வைப்பாள், எத்தனை முளைத்தது என்று எண்ணுவாள். "மிஷின் போறதுக்கு முன்னாடி அந்தாளை நானும் பார்த்துடறேன்" என்று கூடவே வந்திருந்தாள்.

சித்தர் கட்டைக் குலுக்கினார். "யாரும் நடுவுல பிரிச்சு வெட்டக்கூடாது. வெட்டினா சொந்தம் அறுந்துடும்!" மேலே இருந்து ரெண்டு எடுத்தார். ஏழு, எட்டு. அடுத்து அஞ்சைத் திருப்பினார். அதில் ஒன்பது, பத்து, ஜாக்கி. எல்லாம் ஆட்டின்!

"அரோகரா!"

அம்சா அவன் காதோரம் சாய்ந்தாள். "தோழரே, உங்க பெரியப்பா சாவுல சீட்டாடினீங்களே, குலுக்கினது யாரு?"

"மச்சான் ரஞ்சித்து."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"வெட்டு வெச்சேன்."

"பொணத்தைப் பக்கத்துல வெச்சிக்கினு மச்சானையே நம்பல. இந்தாளுக்கு மட்டும் ஏன் வெட்டு இல்ல?"

பூவரசன் எழுந்தான்.

"சாமி... ஒரே ஒரு வெட்டு."

"பாவம்டா! உக்காரு!"

பின்வரிசையில் ஒரு பழைய ஆட்டக்காரர் துண்டை உதறினார். "வெட்டு வெக்கறதுல இன்னா சாமி பேஜாரு?"

அவ்வளவுதான். முந்நூறு பேருக்கும் தூங்கின புத்தி சேர்ந்து விழித்தது. "வெட்டு! வெட்டு!"

சித்தர் அடுத்த ஆட்டத்துக்குக் குலுக்கி வைத்திருந்த கட்டைப் பூவரசன் மேடையேறி வெட்டினான். மேல் ரெண்டு சீட்டைத் திருப்பினான். கிளாவர் மூணு. டைமன் ராணி.

"நாத்திகன் கை பட்டுடுச்சு!" சித்தர் அலறினார். "கட்டு கெட்டுப்போச்சு. ஆனா ஜோடி சத்தியம்!"

"அப்ப நல்ல கட்டுல பார்த்துடலாம்" என்றாள் அம்சா. "யாருகிட்டயாவது சீட்டு இருக்கா?"

நாற்பது சட்டைப் பைகளிலிருந்து நாற்பது கட்டு வந்தது.

ஐந்து பந்தி மேசை. மேசைக்குப் பத்து ஆட்டம். ஏழு ஆட்டினையும் எட்டு ஆட்டினையும் தனியே வைத்து, மீதியைக் குலுக்கி, வெட்டி, அஞ்சு சீட்டைத் திருப்பினார்கள். அஞ்சு ஒரே ஜாதியாகவோ வரிசையாகவோ சேர்ந்த ஆட்டங்களை அம்சா எண்ணினாள், விதை எண்ணுகிற அதே முகத்தோடு.

"சாமி சொன்னது எட்டு. வந்ததும் எட்டுதான்" என்றாள். "பத்துக்கு இல்ல, அம்பதுக்கு! மீதி நாப்பத்திரண்டும் முளைக்கல. இந்த மூட்டையை நான் திருப்பி அனுப்பிடுவேன்."

சமையல்கட்டு வழியாக நழுவிய சித்தரின் ஜிப்பாவை யாரோ பிடித்து இழுத்தார்கள். மூன்று கட்டுகள் விழுந்தன. மூன்றிலும் மேலே ஏழு ஆட்டின், எட்டு ஆட்டின், வரிசை குலையாமல்!

"ரம்மியில பிடிக்காததைக் கீழே போட்டு வேற எடுக்கலாம்" என்றான் பூவரசன் மைக்கில். "போக்கர்ல வந்ததுதான் சீட்டு. இது எனக்கு முன்னாடியே தெரியும்ணே. தெரிஞ்சிக்கினேதான் ஏமாந்தேன்."

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான், வேறு வழி?

சாயங்காலம் வானூர்க்காரர் வந்தபோது மிஷின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, விக்கலியா?"

"இல்லீங்க. ஓசியில ஒண்ணு எடுத்துக்கினு போங்க."

அவர் கையில் மிஷின் கக்கிய ஒரு நோட்டீஸ். அதில் இப்படி இருந்தது:

'மச்சான் குலுக்கினால் வெட்டு வைக்கிறோம். சாமியார் குலுக்கினால் கும்பிடு வைக்கிறோம். ரெண்டுக்கும் நீட்டுவது ஒரே கைதானே ஐயா? யார் குலுக்கினாலும் வெட்டிப் பாருங்கள். இப்படிக்கு, எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏழு எட்டைப் பார்த்துக் கும்பிட்ட பூவரசன்.'