திருச்சிக்குப் போகாத திருச்சி

தமிழ்நாட்டிலேயே அதிகமான சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தவன் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் ஆபீஸ் திருச்சிதான் கோப்பையைத் தூக்குவான். அவன் பறிகொடுத்தவர்கள் அத்தனை பேரும் இன்றைக்கும் திண்டிவனத்தில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அவன் ஊர் திண்டிவனம். திருச்சியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்புறம் எப்படி அந்தப் பெயர் என்றால், அதற்குக் கொஞ்சம் பஸ் விவகாரம் சொல்ல வேண்டும்.

சென்னையில் வேலை பார்க்கும் திண்டிவனத்துக்காரர்களுக்கும், என்னைப் போன்ற விழுப்புரத்துக்காரர்களுக்கும் ஒரு பொதுவான துக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் திருச்சி, மதுரை, நெல்லை என்று வரிசையாக பஸ் நிற்கும். எல்லாமே எங்கள் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் ஏற விட மாட்டார்கள். "திண்டிவனம், விழுப்புரம்லாம் கடைசியா ஏறு!" என்று படியில் நின்றபடி ஒரு குரல் வரும். பாதி வழியில் நாங்கள் இறங்கிவிட்டால் அந்த சீட் மிச்ச தூரம் காலியாகப் போகுமே. கண்டக்டர் பக்கம் நியாயம் இருக்கிறது, எங்கள் பக்கம் கால்வலி இருக்கிறது.

இந்த அநியாயத்தை எதிர்த்துத் தனி ஆளாகக் கிளம்பியவன்தான் அவன். படிக்கட்டில் கால் வைக்கும்போதே நெஞ்சை நிமிர்த்தி "திருச்சி!" என்பான். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருவான். கண்ணை மூடித் தூங்குவான். டிக்கெட் மெஷினோடு கண்டக்டர் இரண்டு வரிசை முன்னால் வரும்போது சரியாக அவன் ஃபோன் அடிக்கும். அதை அடிக்க வைப்பது அவனுடைய கட்டைவிரல்தான்.

"ஹலோ... இன்னாது? பெரியப்பாவா? எப்போ? அய்யய்யோ, காலைல கூட நல்லா பேசிக்கினு இருந்தாரே!"

குரல் உடையும். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணி பாட்டிலை நீட்டுவார். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் "ஐயோ பாவம்" என்பாள். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, திருச்சிக்குதான் ஏறினேன். இப்போ திண்டிவனத்துல எறங்க வேண்டியதாப் போச்சு. ஒண்ணு குடுங்கண்ணே" என்பான். டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, துக்கம் தாங்காமல் மறுபடி தூங்கிவிடுவான்.

எங்கள் ஆபீஸ் வேலை என்ன தெரியுமா? வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் சொல்வது. 'பிரியாணியில் பீஸே இல்லை' என்று ஒருவர் ஃபோட்டோ அனுப்பினால், திருச்சி அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "பீஸ் இல்லன்றான், தட்டுக்குப் பின்னாடி எலும்பு கெடக்குது பாரு" என்று ஒரே நொடியில் பிடித்துவிடுவான். வாரத்தில் ஐந்து நாள் ஊரார் பொய்யைக் கண்டுபிடித்த களைப்பை, வெள்ளிக்கிழமை சொந்தப் பொய்யில் தீர்த்துக்கொள்வான்.

என்னை அவன் "விழுப்புரம்" என்று கூப்பிடுவான். "நீயும் திருச்சின்னு சொல்லு விழுப்புரம், எவ்ளோ நாளு நின்னுக்கினே போவ?" என்று ஒரு நாள் உசுப்பேற்றினான். நானும் தைரியமாக "திருச்சி" என்று சொல்லி ஏறிவிட்டேன்.

"திருச்சில எங்கேம்மா?" என்றார் கண்டக்டர்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

அங்கே ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பஸ் கொஞ்ச தூரம் போவதற்குள் என்னைச் சீட்டிலிருந்து கிளப்பிவிட்டார்கள். திருச்சி என்னைத் தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திங்கட்கிழமை ஆபீஸில் பிடித்து நன்றாகத் திட்டினேன். மறு வாரம் சமாதானத்துக்கு ஒரு பை அவித்த மல்லாட்டை கொண்டுவந்தான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

'யாரு அந்தப் பையன், எப்பப் பாத்தாலும் அவன் கதையே சொல்ற?' என்று அம்மா ஒரு முறை சந்தேகமாகக் கேட்டாள். எங்களுக்குள் அப்படி எதுவும் இல்லை என்று புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவனிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பான், தேவைப்பட்டால் சாகடிப்பான். அம்மாவையும் தங்கச்சியையும் மட்டும் தொட மாட்டான். "அவங்கள வச்சு வாய் வராது. பலிச்சுப் போச்சுன்னா?" என்பான். அப்பா இல்லாத வீடு. அவனும் அம்மாவும், கல்யாணமாகிப் போன தங்கச்சியும்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வினை ஒரு காலேஜ் பெண் உருவத்தில் வந்தது. தொடர்ந்து இரண்டு வாரம் இவனோடு ஒரே பஸ்ஸில் வந்தவள், இரண்டு வாரமும் ஒரே பெரியப்பா இறந்துபோனதைக் கவனித்துவிட்டாள். மூன்றாவது வாரம் ஃபோனைத் தயாராக வைத்திருந்து முழுசாகப் படம் பிடித்தாள். சோகமான வயலின், ஸ்லோ மோஷன், கடைசியில் இவன் வாயைத் திறந்து தூங்குவதற்கு மட்டும் குத்துப்பாட்டு மியூசிக். அந்த ரீல் திங்கட்கிழமை காலைக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. டீம் லீடர் அதை மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டி, "கஸ்டமர்கிட்ட பேசுறப்போ இந்த ஃபீலிங் எங்கப்பா போகுது?" என்று கேட்டார்.

மத்தியானம் பெரியப்பாவே ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"ஏன்டா, என்னை மூணு தரம் சாவடிச்சியாமே? ஒரு தரமாவது மாலை வாங்கிக்கினு வந்தியாடா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஆரஞ்சுமாக வாங்கிக்கொண்டு, தான் படுக்க வைத்த சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டான். சித்தி மட்டும் கதவைத் திறக்கவில்லையாம். மற்றவர்களுக்கெல்லாம் நெஞ்சுவலி, பக்கவாதம் என்று கௌரவமாகக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு எந்தக் கண்டக்டரும் ஏமாறத் தயாராக இல்லை. "வாங்க சார், இன்னிக்கி யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பார்கள். கூட நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள், சீட் மட்டும் கொடுக்க மாட்டார்கள். இதில் அவனுக்குப் பரம விரோதி, எங்கள் ஜில்லாவிலேயே அனந்தபுரம் பக்கத்து ஊர்க்காரரான ஒரு மீசைக்காரக் கண்டக்டர். பெரியப்பாவுக்காக உண்மையாகவே கண் கலங்கியவர் அவர். அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கிளாம்பாக்கத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே முறைத்தார்கள். கடைசியில் மீசைக்காரரின் பஸ்தான் கிடைத்தது.

"திருச்சி டிக்கெட் எடுத்தா ஏறு. வண்டி மேம்பாலத்து மேலயே போவும். திண்டிவனத்துல நிக்காது. விழுப்புரம் பைபாஸ்லதான் நிக்கும், சம்மதமா?" என்றார்.

வேறு வழியில்லை. இரண்டு பேரும் திருச்சி டிக்கெட் எடுத்தோம். விழுப்புரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போவது என்பது அவன் திட்டம். "தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குது. மெதுவாப் போனாப் போதும்" என்றான். தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை.

மதுராந்தகம் ஏரி தாண்டியதும் அவன் ஃபோன் அடித்தது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "டேய், ரீல்ஸ்ல வந்தவன்டா! ஆரம்பிச்சிட்டான்!" என்று யாரோ கத்த, முன்னாலும் பின்னாலும் ஃபோன்கள் உயர்ந்தன. அவன் எடுத்துக் காதில் வைத்தான். மறுபக்கத்தில் அவன் அம்மா அழுவது எனக்கே கேட்டது. தங்கச்சிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தைக்கு நாடித்துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்கிறார்கள், கூட யாருமே இல்லை, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் "வர்றேம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்து அவன் என்ன நடிக்கப் போகிறான் என்று பஸ்ஸே காத்திருந்தது. அவன் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டின் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அழுங்கண்ணே!" என்றான் ஒரு பையன்.

"டயலாக் மறந்துட்டாரு போல" என்றது இன்னொரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு.

மீசைக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னா தம்பி, யாரு? பெரியப்பாவா?"

அவன் வாயைத் திறந்தான். அத்தனை வாரம் அத்தனை கண்டக்டர்களைக் கரைத்த வாய், வெறுமனே திறந்து மூடியது. "அண்ணே, நெஜமாவே அவரு தங்கச்சிக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். குனிந்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொன்னேன். அவன் அம்மா ஃபோனில் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. டவுனுக்குள் இருக்கிறது.

"மேம்பாலத்தாண்ட எறக்கி விட்டா இந்தக் கூட்டத்துல ஆட்டோ கெடைக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிரைவரிடம் போனார். டிரைவர் போட்ட சத்தம் கடைசி சீட் வரை கேட்டது. "ஊருக்குள்ள வுட்டா வெளிய வர எவ்ளோ நேரமாவும் தெரியுமா? யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ ஜல்தியா ஓட்டு."

முன் சீட்டில் ஒருவர் எழுந்தார். "யோவ் கண்டக்டர், ஊரே பாத்துச்சே அந்த ரீலு! மறுபடியும் ஏமாத்துறான்யா!"

"ஏமாத்தினா நான் ஏமாந்துட்டுப் போறேன் சார். குந்துங்க."

உயர்ந்திருந்த ஃபோன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அழச் சொன்ன அந்தப் பையன் எழுந்து வந்து திருச்சியின் பையை மேலிருந்து இறக்கிக் கொடுத்தான்.

மேம்பாலத்தில் ஏறாமல் அந்த பஸ் இடதுபுறம் இறங்கிய காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாகக் கடைத்தெரு பிதுங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு திருச்சி பஸ் வருவதைப் பார்த்த திண்டிவனத்து மக்கள், கிடைத்தது வாய்ப்பு என்று மூட்டை முடிச்சோடு பின்னால் ஓடிவந்தார்கள். "ஏறாத, ஏறாத! இது ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி!" என்று மீசைக்காரர் படியில் தொங்கியபடி கத்தினார். "அப்போ எனக்கும் காமிக்கணும், முட்டி வலி!" என்று ஒரு பெரியவர் ஒரு காலை வைத்தே விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் முழுசாக நிற்பதற்கு முன்பே திருச்சி குதித்து ஓடினான். பையை எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன். என் ஊர் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. மீசைக்காரர் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் உள்ளே போனபோது தங்கச்சியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். இவனைப் பார்த்ததும் அந்த வலியிலும், "டேய், எந்த வண்டிடா உன்னை ஏத்துச்சி?" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை கூடவே நடந்தான். கதவு மூடியதும் அம்மாவை அணைத்து பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் அவன் வாய் சும்மா இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏதாவது பொய்யாவது சொல்லித் தொலையேன் என்று இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். பெண் குழந்தை. முதலில் அழவில்லையாம், அப்புறம் பிடித்த அழுகையை இன்னும் நிறுத்தவில்லையாம். தாயும் நலம். அவன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சாமிகளின் பெயரை வரிசையாகச் சொன்னாள்.

அப்போது என் ஃபோன் அடித்தது. "உளுந்தூர்பேட்டை வந்துட்டோம்மா. இன்னாச்சி? இங்க அல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க. பேஜாராப் போச்சு" என்றார் மீசைக்காரர்.

"பொண்ணுண்ணே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

அவர் அதை பஸ்ஸுக்குள் திரும்பக் கத்திச் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை, ஹீரோ அறிமுகமாகும்போது தியேட்டரில்தான் கேட்டிருக்கிறேன். கைதட்டல், விசில், நடுவில் டிரைவர் அடித்த நீளமான ஹார்ன். நான் ஃபோனை அவன் காதில் வைத்தேன். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவன், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தண்ணி நீட்ட யாரும் இல்லாததால் நான்தான் நீட்டினேன். குடித்துவிட்டு, "உங்க வீட்டுல தேடுவாங்க. கெளம்பு விழுப்புரம், வண்டி ஏத்தி வுடுறேன்" என்று எழுந்தான்.

இப்போது அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அங்கே எந்த ஊர்ப் பெயரைச் சொல்லி பஸ் ஏறுகிறானோ தெரியவில்லை. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவனிடம் சொன்னதில்லை. சொன்னால், 'நடிக்காத' என்பான்.