பொதிக்கழுதைப் பரணி

பினாங்குத் தீவில், பாயான் பாருவின் கணினிச் சில்லு ஆலையில் பகலெல்லாம் நுண்ணோக்கியின் முன் குனிந்து, மாலையெல்லாம் தொடுதிரையின் முன் நிமிரும் இருபணி ஏந்தலை, மின்தூரிகையைக் கூர்வேலாய்க் கைக்கொண்ட கோகிலனை வாழ்த்தித் தொடங்குகிறோம். வண்ணங்களுக்கெல்லாம் அதிதேவதையாய் வீற்றிருப்பவளே, மின்கலம் தீருமுன் அவன் வெற்றியைச் சொல்லி முடிக்க அருள்வாயாக.

‘நிழல்முடி’ என்னும் மாயாசாலக் கணினி விளையாட்டின் மாந்தரைக் குறிசொல்லும் டாரட் அட்டைகளாய் வரைந்து, ஒரே கட்டாக அச்சிட்டு, ஞாயிறன்று ஜார்ஜ்டவுன் சந்தையில் விரிப்பதெனப் பினாங்கு ரசிகர் குழாம் உறுதி பூண்டிருந்தது. சூரியனும் சந்திரனும் கோபுரமும் தத்தம் ஓவியரை அடைந்துவிட, எஞ்சி நின்றது பதின்மூன்றாம் அட்டை ஒன்றே: மரணம். அக்கட்டில் இன்றுவரை ஓர் அட்டைகூடப் பெறாத கோகிலனுக்கு அதுவே கடைசிக் கோட்டை.

அதன் மறுவாயிலில், அதே அட்டைக்குப் போட்டியாய், புவனேஸ்வரன் நின்றான். விளையாட்டின் இறுதிப் பகைவனான எலும்புமுடி மன்னனைக் கருங்குதிரைமேல் ஏற்றி, அரிவாளை நிலவொளியில் தோய்த்து அவன் தீட்டிய ஓவியத்தைக் கண்டு குழாம் கூடியிருந்த மீரா சாகிப் தேநீர்க் கடையின் மின்விசிறியும் ஒருகணம் தயங்கிச் சுழன்றது. தேத்தண்ணிக் குவளைகள் காலாட்படையாய் ஒதுங்க, ரொட்டிச் சானாய்த் தட்டுகள் தேர்த்தட்டுகளாய்ச் சரிய, கோகிலன் தன் தொடுதிரையைத் திருப்பினான். அங்கே நின்றது, முதல் அத்தியாயம் முழுதும் வீரனின் மூட்டைகளைச் சுமக்கும் பொதிக்கழுதை. முதுகில் பொதியில்லை, தலை மட்டும் பின்னோக்கித் திரும்பியிருந்தது.

“மரணத்துக்குக் கழுதையா லா?” என்றான் புவனேஸ்வரன். “ஃபேக்டரில ஓவர்டைம் ஜாஸ்தியாயிருச்சா ஒனக்கு?”

கட்டின் தலைவியும் தீர்ப்புக்குரியவளுமான அதிரா சிரித்த சிரிப்பில் பருப்புக் கறி தெறித்துக் கழுதையின் காதை நனைத்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எழுந்தான் ஏந்தல்.

“கேளுங்கள், வாளேந்திய தோழர்களே. டாரட்டில் மரணம் என்பது சாவன்று. ஒரு காலம் முடிந்து மறுகாலம் பிறப்பது. எலும்பு மன்னனைக் கொன்று நாம் மாறினோமா? கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனோம். எவரை இழந்தபின் நாம் பழைய ஆளாக இல்லையோ, அவரே மரணம்.”

முழக்கம் ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தி, இதுகாறும் மறைத்து வைத்திருந்த பிரம்மாஸ்திரத்தை எய்தான்.

“ஆட்டத்துல, மொத ஊரு சந்தையில ஒங்க கழுதைய என்ன செஞ்சீங்க?”

வாளைத் தாழ்த்தும் வீரர்போல் அதிரா ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள்.

“வித்துட்டேன்,” என்றாள் அதிரா. “அந்த நீல வாள் வாங்க.”

“திரும்பிப் பாத்துச்சா?”

“பாத்துச்சு. சும்மா இரு லா.”

புவனேஸ்வரன் தன் எலும்பு மன்னனை, குதிரையோடும் அரிவாளோடும், பைக்குள் இறக்கினான். “நானும் வித்தேன். பேரு கூட வெச்சிருந்தேன் அதுக்கு,” என்றான். “போடுங்க, கழுதையவே போடுங்க.”

அதிரா தலையசைத்தாள். ரொட்டிக்கல்லில் கரண்டிகள் வெற்றிமுரசாய் அதிர, கொதிகலத்து ஆவி வெண்கொற்றக் குடையாய்க் கவிய, பதின்மூன்றாம் அட்டையை வென்று நின்றான் கோகிலன். கைவிடப்பட்டோர்க்கு அரண், நாற்கால் நல்லோர்க்கு நாயகன், விற்றவர் நெஞ்சைச் சுட்ட வெந்தழல்.

அவன் தன் கழுதையை என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. விற்று ஒரு தொப்பி வாங்கியிருந்தான்.