எல்லாக் கம்ப்யூட்டரிலும் என் மாமியார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்காவது ஒரு பொத்தானைக் கண்டால், அதை அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. (சேலத்து ஜவுளிக்கடை லிஃப்டில் மணி படம் போட்ட பொத்தானை அமுக்கி, கடையையே திரட்டியவள் நான்.)

கல்யாணமான புதிதில் குமாரபாளையத்தில் துண்டு ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலுக்குப் போகும் சரக்குக்குக் காகிதங்கள் தயார் செய்வது வேலை. கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், மவுஸ் அசையாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரவுசரின் மூலையில் 'அப்டேட் செய்யவும்' என்று ஓர் அறிவிப்பு மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. எனக்குக் கை அரிக்கும். ஆனால் மேனேஜர் குமரேசன் அண்ணன், ஓடுகிறதை நோண்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் கன்டெய்னர் பதிவு செய்யும் வலைத்தளம், "உங்கள் பிரவுசர் பழையது" என்று சொல்லித் திறக்க மறுத்தது. அன்று சாயங்காலம் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். அண்ணன் வேறு வழியில்லாமல் என் கம்ப்யூட்டரை மட்டும் அப்டேட் செய்யச் சொன்னார்.

ஒன்றோடு நிறுத்துகிற ஆளா நான்? மதியச் சாப்பாட்டுக்குள், முதலாளி அறையில் இருந்தது உட்பட எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அப்டேட் முடிந்ததும் ஒவ்வொன்றும் பணிவாக ஒரு கேள்வி கேட்டது: உங்கள் கணக்கில் நுழைந்தால், எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் விவரமெல்லாம் கிடைக்குமே, செய்யட்டுமா? அட, இது என்ன வசதி என்று பார்க்க ஆசையாக இருந்தது. எனக்குத் தெரிந்த கணக்கு என் சொந்தக் கணக்கு ஒன்றுதான். எல்லாவற்றிலும் அதையே போட்டேன்.

மதியம் மும்பையிலிருந்து துண்டு வாங்குகிறவர்கள் வந்தார்கள். முதலாளி தன் அறைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் கம்பெனியின் வலைத்தளத்தைக் காட்டப் போனார். டிவியில் படம் வராவிட்டால் பார்த்துக்கொள்ள என்னையும் நிற்க வைத்திருந்தார்கள். அவர் ஒற்றை விரலால் 'எம்', 'ஏ' என்று கம்பெனிப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அதே எழுத்தில் தொடங்கி, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து நான் வீட்டில் தேடியதெல்லாம் டிவியில் வரிசையாக இறங்கியது.

மாமியார் குழம்பில் புளி அதிகம் எப்படிச் சொல்வது.

மாமியார் கோபம் எத்தனை நாள் இருக்கும்.

மாமியார் பேசாமல் இருந்தால் அர்த்தம் என்ன.

முதலாளி ஒவ்வொன்றையும் நிதானமாக வாய்விட்டுப் படித்தார். மும்பைக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று ஆவலாகக் கேட்க, குமரேசன் அண்ணன் தயங்காமல், வாடிக்கையாளர்களின் சந்தேகங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் என் இருக்கைக்கு ஓடினேன். 'எல்லாவற்றையும் அழி' என்று ஓர் இடம் இருந்தது. அதிலிருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்து அமுக்கினேன். என் மானம் போன சுவடெல்லாம் அழிந்தது. கூடவே, எல்லாம் ஒரே கணக்கில் கோத்திருந்ததால், ஆபீஸ் முழுக்கப் பிரவுசர்களில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளும் போயின.

அண்ணன் மெதுவாக என் பக்கம் வந்தார். "ரேவதி, கன்டெய்னர் பாஸ்வேர்டு எங்கம்மா?"

"போயிருச்சுங்கண்ணா."

"மத்ததெல்லாம்?"

"அதுவும் போயிருச்சுங்க."

கன்டெய்னர் பதிவு இன்னும் முடியாமல் இருக்க, வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. எந்தப் பாஸ்வேர்டும் யாருக்கும் ஞாபகமில்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை ஒவ்வொரு தளமாக அமுக்கினேன். ஓடிபி எல்லாம் முதலாளியின் செல்போனுக்குத்தான் போனது. பாவம், மனிதர் மும்பைக்காரர்களைத் துண்டு தடவிப் பார்க்க விட்டுவிட்டு, நொடிக்கொரு தரம் வாசற்படிக்கு வந்து எண்களைக் கத்திவிட்டுப் போனார். லாரி கிளம்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அதன் பிறகு எல்லாவற்றிலிருந்தும் என் கணக்கை எடுத்துவிட்டு, ஆபீசுக்கென்று தனிக் கணக்கு திறந்தேன்.

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே முதலாளி முன்னால் போய் நின்றேன். தேடியது நான்தான் என்று சொன்னேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கோபம் எத்தன நாளைக்கு இருக்கும்னு போட்டிருந்துச்சு? எங்க மாமியா பொங்கல்லருந்து பேசறதில்லம்மா."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஆனால் முதலாளியின் மனைவியும் என் மாமியாரும் ஒரே தையற்கடை வாடிக்கை என்பதை மறந்துவிட்டேன். முதலாளி போனில் மனைவியிடம் சொன்ன சேதி, தையற்கடை வழியாக எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றினார். அந்தப் பேசாமைக்கு அர்த்தம் தேட என் கையில் கம்ப்யூட்டர் இல்லை. முதல் வாய் உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளி கம்மியாத்தான் போட்டிருக்கேன் சாமி. எப்படி இருக்குதுன்னு கம்ப்யூட்டர்ல கேட்டுட்டு மெதுவாச் சொல்லு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறியது. அன்றைக்கு நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் அத்தைக்கும் எனக்கும் நடுவே இருந்த புதுக் கூச்சம் போய்விட்டது. ஆனால் கதை போகவில்லை. அத்தையே அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டார். இப்போதும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தால், ரசவாளியோடு வருகிறவர் என் இலைக்கு முன்னால் நின்று, "ஊத்தட்டுங்களா, இல்ல தேடிப் பாத்துட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்காமல் நகர்வதில்லை.