பாதிவிலை அன்ரியும் சிவந்த முத்திரைகளும்

முழுவிலை என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத ஒரே மனுஷி இந்தக் கொழும்பில் எங்கள் பாதிவிலை அன்ரிதான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எனக்கு எதிர்வீடு. அவருடைய சொந்தப் பெயரை மகள் ஆரணியின் கலியாணக் கார்ட்டில் பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

பஸ்ஸில் ஏறினால், "பாதி வழி நிண்டுதானே வந்தனான், அரை டிக்கட் போடுங்கோ" என்பார். காதுவலிக்கு டொக்டரிடம் போனபோது காசு வாங்கும் பெண்ணிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பிள்ளை, டொக்டர் ஒரு காதைத்தான் பாத்தவர். மற்றக் காது சும்மா கூட வந்தது. பாதிக் காசு எடுங்கோ." அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் குறைத்தும் விட்டாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஆரணிக்குக் கலியாணம் சரிவந்தது. கார்ட்டைப் போனில் அனுப்பினால் போதும் என்று அவள் கெஞ்சினாள். அன்ரி மசியவில்லை.

"போனில கூப்பிட்டா போனிலதான் வருவினம். தபாலில போடவேணும்."

அதிலும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்று ஒரு கண்டம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. முன்பு எவரோ அனுப்பிய கார்ட்டில் முத்திரை போதாமல் தபால்காரர் அவரிடமே காசு கேட்டிருக்கிறார். அன்றோடு அந்தக் குடும்பத்தோடு கதை பேச்சு இல்லை. இந்தக் கலியாணத்தில் அவர்தான் முன்னுக்கு நிற்கவேண்டியவர். அவர் முகம் சுளித்தால் ஆரணி புகுந்த வீட்டில் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அன்ரியின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மூடிப்போன கம்பனி ஒன்றில் மிஞ்சிய தபால் முத்திரைகள், பாதி விலைக்கு.

"அன்ரி, முத்திரையை ஆராவது பாதி விலைக்கு விப்பினமா? இது களவு" என்றேன்.

"எனக்குக் கிடைக்கிறதெண்டா உமக்குக் களவுதான். பொறாமைப்படாதையும் பிள்ளை."

இஸ்திரி போட்ட சேட்டும் வாசனையுமாக ஒருவன் கொண்டுவந்து தந்தான். பாதி விலையிலும் பாதிக்கு இறக்கி வாங்கிவிட்டு அன்ரி அன்றைக்கு முழுக்கப் பாட்டுப் பாடினார்.

மாலையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒட்டினோம். நானும் ஆரணியும் முத்திரை ஒட்ட, அன்ரி குழைத்த மஞ்சளை ஒவ்வொரு உறையின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தார். மங்கல காரியம், மஞ்சள் இல்லாமல் கார்ட் வாசலைத் தாண்டாது. கொஞ்ச நேரத்தில் ஆரணி கத்தினாள். மூன்று மூலையில் மஞ்சள் மஞ்சளாக இருக்க, முத்திரை இருந்த மூலை மட்டும் குங்குமமாகச் சிவந்திருந்தது. எல்லா உறையிலும்!

"அம்மாளாச்சி!" என்று அன்ரி எழும்பிவிட்டார். "தானாக் குங்குமம் வைச்சிருக்கிறா!"

கீழ்மாடி, மேல்மாடி எல்லாம் வந்து உறைகளைக் கும்பிட்டது. யாரோ கற்பூரமும் கொளுத்தினார்கள். இவ்வளவு படித்த நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்த அன்ரியின் கை பாதியில் நின்றது.

"பிள்ளை, மஞ்சள் பட்ட சீலையில சவுக்காரம் போட்டா என்ன நிறம் வரும்?"

"சிவப்பு" என்றேன்.

அன்ரி ஒரு முத்திரையை உரித்து லைட்டுக்கு நேரே பிடித்தார். பழைய தபால் சீலின் வளையம் மங்கலாகத் தெரிந்தது. பாவித்த முத்திரைகளைச் சவுக்காரம் போட்டுக் கழுவி விற்றிருக்கிறான். கும்பிட வந்த கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. அன்ரி கதிரையில் இருந்துவிட்டார்.

"இதைத் தபாலில போட்டிருந்தா அந்த மனுசன் என்ர பிள்ளையை என்னெண்டு பாத்திருப்பார்?"

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்கு அவன் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது.

காலையில் இரண்டு பேரும் பொலிசுக்குப் போனோம். பிறகு அன்ரி அவனுக்குப் போன் எடுத்தார். "தம்பி, முத்திரை நல்ல திறம். இன்னும் கனக்க வேணும்." பெட்டியோடு ஓடிவந்தான். குசினிக்குள் சிவில் உடையில் இரண்டு பொலிஸ்காரர், கையில் அன்ரி சுட்ட வடை. அவன் விலையைச் சொன்னதும் அன்ரி இருமவேண்டும், அவர்கள் வெளியே வரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அவன் விலையைச் சொன்னான். அன்ரிக்கு ஏற்பாடு மறந்துபோயிற்று.

"என்ன தம்பி, போன முறை வாங்கின ஆளுக்கு இதே விலையோ? குறையுங்கோ."

"அன்ரி, இதுக்கு மேல குறைச்சா எனக்கு ஒண்டும் மிஞ்சாது."

"மிஞ்சி என்ன செய்யப் போறீர்?"

ஆள் வியர்த்து வியர்த்து இறங்கினான். வடை முடிந்த பொலிஸ்காரர் பொறுமை இழந்து தலையை நீட்டி, "நோனா, தென் இவரத?" என்று, முடிந்ததா எனச் சிங்களத்தில் கேட்டார். அன்ரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொட்டக் இன்ட மஹத்தயா, தவ டிக்கக் அடு வெனவா!"

கொஞ்சம் பொறுங்கள், இன்னும் குறையும் என்கிறார்! அவன் பாய்ந்து எழும்புவதற்குள் அன்ரி மஞ்சள் கிண்ணத்துக்குள் விரலை விட்டு அவனுடைய புது முத்திரைத் தாளில் ஒரு இழுப்பு இழுத்தார். எல்லோர் கண்முன்னாலும் அது சிவந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது முழு மாடியும் கைதட்டியது. அன்ரி மணப்பெண் மாதிரி நின்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்த நாள் புது உறைகளோடு தபால் கந்தோருக்குப் போனோம். உள்ளே இருந்தவர் விலையைச் சொன்னார். நான் வழக்கம்போல வெட்கப்படத் தயாராக நின்றேன். அன்ரி பேசாமல் முழுக் காசையும் நீட்டினார்.

"என்ன அன்ரி, கேக்கேல்லையா?"

"என்ர பிள்ளையின்ர காரியத்தில பாதி கீதி வேண்டாம்."

மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டி சால்வையோடு கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து இறங்கினார்.

அதற்கு முன்பே எனக்கும் ஒரு கார்ட் வந்திருந்தது. எதிர்க்கதவைத் தட்டிக் கையில் தந்திருக்கலாம். ஆனால் தபால்காரர்தான் கொண்டுவந்தார். முழுவிலை முத்திரை, நாலு மூலையும் மஞ்சள். என்னையும் பாதியாக நினைக்காத அந்த மனுஷியின் கார்ட்டை இன்றைக்கும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.