மொட்டு மாஸ்டரின் பதினாலு

பூவைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மைசூரில் நான் வேலை பார்த்த கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். பெயரை யாரும் சொல்ல மாட்டோம். மொட்டு மாஸ்டர் என்றால் வாசலில் நிற்கும் ஜட்கா வண்டிக்காரருக்கும் தெரியும்.

மலைச்செடிகளின் செல்லுக்குள் குரோமோசோம் என்று நூல் துணுக்குகள் உண்டல்லவா, அவற்றை எண்ணுவதுதான் அவருக்கு உயிர். விரியாத மொட்டுக்குள்தான் அவை எண்ணுகிற மாதிரி கிடைக்கும். பூத்துவிட்டால் தீர்ந்தது. யாராவது ரோஜாவை நீட்டினால், "பூத்தாச்சா? போச்சு!" என்று இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாலையிலிருந்தே நாலு மொட்டைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செல் பிரிகிற நேரம் காலை ஒன்பதரை என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால், "ஃபாதர் காத்திருப்பார், செல் காத்திருக்காது" என்பார்.

கண்ணாடிச் சில்லில் மொட்டின் மகரந்தப் பையை வைத்து, சிவப்புச் சாயம் விட்டு, விரலால் நசுக்க வேண்டும். அதனால் அவர் விரல்கள் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். தேர்தலன்று அந்த விரல்களைப் பார்த்த அதிகாரி, ஏற்கெனவே ஓட்டுப் போட்டவர் என்று நிறுத்திவிட்டார். மாஸ்டர் அரைமணி நேரம் செல்பிரிவைப் பற்றி வகுப்பெடுத்தார். தாங்க முடியாமல் உள்ளே விட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷம் வேலைக்கே ஆபத்து வந்தது. பிளிகிரி ரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் ஒரே காட்டுக் காசித்தும்பை பூக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. முதல் மலைச்செடியில் ஏழு ஜோடி, இரண்டாவதில் பதினாலு ஜோடி என்றார் மாஸ்டர். துறைத்தலைவர் சிரித்தார்.

"ஆசைப்பட்டா ஏழு பதினாலாத்தான் தெரியும். விஷயம் தெரியாத ஒருத்தர் எண்ணிச் சொல்லட்டும். இல்லேன்னா ஏப்ரலோட உங்க தற்காலிகப் போஸ்ட் முடிஞ்சுது."

சொன்ன கையோடு பக்கத்து விலங்கியல் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மாதேஸ்வரன் மலைச்செடியின் சில்லை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன்; ஒரு ஜோடி ஒரு புள்ளியாகத் தெரியும். பதினாலு, பளிச்சென்று. ஆனால் என் வேலையும் தற்காலிகம்தான். தலைவரின் முகத்தைப் பார்த்தேன். "சரியாத் தெரியல சார்" என்றேன். பழைய மொட்டு, புதிதாகப் பறித்து வருகிறேன் என்று மட்டும் மாஸ்டர் தலைவரிடம் சொன்னார்.

மனசு உறுத்தியதால் நானும் மாதேஸ்வரன் மலைக்குக் கூடப் போனேன். பஸ்ஸில் மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னலோரச் சீட்டு. நாங்கள் இருவரும் நின்றோம். பறித்த மொட்டுகளை ஸ்பிரிட் நிரப்பிய சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுக்கொண்டு திரும்பினோம். அப்போது அந்த மலை இருக்கும் கொள்ளேகால் பக்கம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே மதுவிலக்கு. எல்லைச் சாவடியில் மீசைக்காரக் காவலர் ஒருவர் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, சாராயம் கடத்தறீங்களா?"

"ஸ்வாமி, சாராயம் கெடைக்காத ஊர்லேர்ந்து கெடைக்கிற ஊருக்கு யாராவது கடத்துவாங்களா?" என்றார் மாஸ்டர்.

"அதானுங்க எனக்கும் சந்தேகமா இருக்குது. எதுக்கும் கீழ ஊத்திப் போடறனுங்க."

மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தச் செடி இனி அடுத்த மழைக்குத்தான் மொட்டு விடும். ஏப்ரல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

"சும்னே ஊத்தாதீங்க. ஒரு தடவ கண்ணால பார்த்துட்டு ஊத்துங்க!" என்று கன்னடம் கலந்து கெஞ்சினார்.

சாவடி மேஜையில் மைக்ராஸ்கோப்பு ஏறியது. மொட்டு நசுங்கியது. டீக்கடை அடுப்பில் சில்லைச் சூடு காட்டினார். காவலர் முதலில் வேண்டிய கண்ணை மூடினார், அப்புறம் வேண்டாத கண்ணை மூடினார். டிரைவர் ஹாரன் அடித்தார். பயணிகள் இறங்கி வரிசை கட்டினார்கள்.

"செவப்பா புள்ளி புள்ளியாத் தெரியுதுங்க."

"எத்தனைன்னு எண்ணுங்க" என்றார் மாஸ்டர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பதிமூணுங்க." மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "இருங்க, ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்குது. பதினாலுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார் மாஸ்டர்.

"போட்டா எனக்கு ஏதாச்சும் வம்பு வருமுங்களா?"

"வரலாம், ஸ்வாமி."

காவலர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கறதத்தான சொல்றனுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குப்பிகளையும் திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் நின்ற என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தலைவர் அந்தக் காகிதத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு தானே குனிந்து நெடுநேரம் எண்ணினார். "கட்டுரையை அனுப்புங்க" என்றார். ஏப்ரல் வந்தது, போனது, மாஸ்டர் இருந்தார்.

கட்டுரை அச்சாகி வந்தபோது நன்றி சொல்லும் இடத்தில் முதலில் அந்தக் காவலர் பெயர். அடுத்ததாக என் பெயர்.

"நான் என்ன சார் பண்ணேன்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீங்களும் பதினாலுதான எண்ணினீங்க? வாய் அசைஞ்சது, பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மொட்டை நசுக்கப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன் பிறகு அந்த மனிதர் எந்தச் சில்லை நீட்டினாலும், பக்கத்தில் யார் நின்றாலும், எண்ணியதைச் சத்தமாகவே சொன்னேன்.