இந்தப் பக்கம் முடியட்டும்

கடவுள் படைத்த உயிர்களில் இசைத்தட்டு ரசிகர் என்று ஒரு தனி இனம் உண்டு. எங்கள் ஓடென்சே ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கையைத்தான் பார்ப்பார். கேக் கொண்டுவந்தீர்களா என்று அல்ல, விரலில் பிசுக்கு இருக்கிறதா என்று.

அவர் உறையிலிருந்து தட்டை எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! எங்கள் போதகர் ஞானஸ்நானக் குழந்தையைக்கூட அவ்வளவு பதமாக ஏந்த மாட்டார். ஊதுவார், துடைப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார், ஊசியைக் குட்டித் தராசில் நிறுப்பார், பிறகு இரண்டு ஒலிபெருக்கிக்கும் நட்டநடுவில் கிடக்கும் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடுவார். நாற்காலி ஒன்றுதான். நாமெல்லாம் ஓரம்.

சிம்பொனி என்றால் எந்த ஆண்டு, எந்த ஆலயத்தில் பதிவானது, எத்தனையாவது பதிப்பு என்று ஜாதகமே சொல்வார். ப்ளூஸ் என்றால், பருத்திச் செடியைப் படத்தில் மட்டும் பார்த்தவர், கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து பருத்திக்காட்டு அடிமைகளின் துயரத்துக்குக் கண்ணீர் விடுவார். ஆம்பியன்ட் என்று இன்னொன்று. நாம் நம் வேலையைப் பார்க்க, அது ஒரு மூலையில் பனிமூட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். கவனிக்க வேண்டாம் என்றே செய்த இசை. அதைக் கவனிக்காமல் காபியைக் கலக்கிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள்!

என் சிநேகிதி விபெக்கேயின் புருஷன் டோர்கில் இந்த இனத்தில் முதல் தரம். விபெக்கேக்கு மூன்று வாரமாக இருமல். போன ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டைக்கூட அவளால் முடிக்க முடியவில்லை. தொட்டால் அனல். நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கூடத்தில் டோர்கிலும் அவர் கூட்டாளி எஸ்கிலும் புது ஊசி மாட்டி ஒரு சிம்பொனி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது பதிவான கச்சேரியில், மெதுவான பகுதியில், யாரோ ஒருவர் இருமிவிட்டாராம். பின்னால் வந்த பதிப்புகளில் அதை நீக்கிவிட்டார்களாம். அந்த ஓர் இருமலுக்காக டோர்கில் பத்து வருஷம் அலைந்து முதல் பதிப்பைப் பிடித்திருந்தார்.

“டோர்கில், மூச்சு விட முடியல. காரை எடு, டாக்டர்கிட்ட போகலாம்” என்றாள் விபெக்கே.

கண் திறக்கவில்லை. ஒரு விரல் மட்டும் உயர்ந்தது. “இந்தப் பக்கம் முடியட்டும்.”

அவளைச் சமையலறையில் உட்கார வைத்தேன். கதவு இடுக்கில் பேச்சு கேட்டது.

“இதோ வருது பாரு. இடப்பக்கம், மூணாவது வரிசை. ஆம்பளை. கேட்டியா?”

“ஆகா! தொண்டைக்கட்டுதான்.”

அப்போது இங்கே விபெக்கே இருமினாள்.

“எஸ்கில்! இன்னொரு இருமல்! இத்தனை வருஷம் கேட்டதில்லையே!”

“புது ஊசிடா! புது ஊசி!”

அவள் மறுபடியும் இருமினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ரொம்ப தூரத்துல இருக்கு. கதவுக்குப் பின்னால இருந்து வர்ற மாதிரி” என்றார் டோர்கில், பரவசமாக. “பொம்பளை. அறுபது வயசிருக்கும். இது இன்னிக்கு வந்த இருமல் இல்ல, மூணு வாரமாவது ஆயிருக்கும். நெஞ்சுல இறங்கிடுச்சு. பாவம், வீட்டுல கவனிக்க ஆள் இல்ல போல.”

விபெக்கே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“நான்தான்” என்றாள்.

டோர்கில் கண்ணைத் திறந்தார். “நீயா? எப்போலேருந்து?”

“நீதானே இப்ப சொன்ன. மூணு வாரமா.”

எஸ்கில் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோர்கில் தட்டின் பக்கம் முடியுமுன்னே ஊசியைத் தூக்கினார். தூக்கிய அவசரத்தில் ‘சர்ரக்’ என்று கீறல் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கார் சாவியைத் தேடினார்.

நிமோனியாவாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். “வலது நுரையீரல், கீழ்ப்பக்கம்” என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னவர் யார் தெரியுமா? டோர்கில்தான். கர்த்தர் கொடுத்த காதில் ஒரு குறையும் இல்லை. அதைத் திருப்பி வைத்திருந்த திசைதான் தப்பு.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டில் இசைத்தட்டே கிடையாது என்றுதானே தைரியம்? நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உள்ளேயிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. “இந்தப் பக்கம் முடியட்டும்” என்று நீங்கள் சொன்னது எனக்கே கேட்டது.